கண்ணை அளந்த குரு

கண்புரை அறுவைச் சிகிச்சைக்கு முன், மருத்துவமனையில் ஒரு கருவியின் முன் அமர்த்தி, தாடையை ஊன்றச் சொல்லி, கண்ணில் ஒளி படச் செய்கிறார்கள். நம் பங்குகளில் பெரியவர்கள் பலரும் இதை அறிவர். கருவிழியைக் கண்ணாடி போல் மூடியிருக்கும் கார்னியாவின் வளைவை அளந்தால்தான், உள்ளே வைக்கும் லென்சின் பவரைக் கணக்கிட முடியும். இந்த அளவை எடுக்க முதன்முதலில் வழி கண்டவர் ஓர் இயேசு சபைக் குரு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

அருள்தந்தை கிறிஸ்தோப் ஷைனர் தென் ஜெர்மனியில் பிறந்தவர். 1595இல் இயேசு சபையில் சேர்ந்து, பின்னர் இங்கோல்ஸ்டாட் நகரில் கணிதமும் எபிரேய மொழியும் கற்பித்தார். கண்ணைப் பற்றிய அவருடைய இலத்தீன் நூல் 1619இல் இன்ஸ்ப்ரூக்கில் வெளிவந்தது.

அவரது முறை மிக எளியது. சன்னலுக்கு எதிரே அமர்ந்திருப்பவரின் கண்ணில் அந்தச் சன்னல் சிறிதாகத் தெரியும். கண்ணுக்கு அருகே ஒரு கண்ணாடிக் கோலியைப் பிடித்தால் அதிலும் தெரியும். கோலி பெரிதானால் பிம்பமும் பெரிதாகும். கோலிகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, எதில் தெரியும் சன்னல் கண்ணில் தெரியும் சன்னலோடு ஒத்துப்போகிறதோ, அந்தக் கோலியின் வளைவே கார்னியாவின் வளைவு. ஆம், நம் பிள்ளைகள் விளையாடுவது போன்ற கோலிதான்! கண்ணைத் தொடவே தேவையில்லை. அந்த வளைவின் ஆரம் சராசரியாக ஏறக்குறைய 7.8 மில்லிமீட்டர் என்று இன்றைய கருவிகள் காட்டுகின்றன. பிம்பத்தின் அளவிலிருந்து வளைவை அறியும் அந்த வழியே அவற்றுக்கும் அடிப்படை.

இவ்வளவு பொறுமையாகக் கண்ணைப் பார்த்தவர், அதற்கு முன்பே கதிரவனைப் பார்த்துத் தடுமாறியிருந்தார். 1611இல் தொலைநோக்கியில் கதிரவன்மீது புள்ளிகளைக் கண்டார். கதிரவனில் கறை இருக்க முடியாது, அவை அதைச் சுற்றும் சிறு கோள்கள் என்று எண்ணினார். சபைத் தலைவர்கள் தயங்கியதால் புனைபெயரில் எழுதினார். புள்ளிகள் கதிரவனிலேயே உள்ளன என்றார் கலிலேயோ. பல்லாண்டுகள் உற்று நோக்கிய பிறகு, 1630இல் முடிவுற்ற தமது பெரிய நூலில் ஷைனரும் அதை ஏற்றார். ஆனால் அதே நூலில் கலிலேயோவைக் கடுமையாகச் சாடவும் செய்தார். கலிலேயோவும் முன்பு அவரை விட்டுவைக்கவில்லை என்பது உண்மையே. ஆயினும் ஒரு குருவின் கையிலிருந்து அவ்வளவு கசப்பு வந்தது நம்மை வருத்துகிறது. அவருக்குப் புனிதர் வேடம் போட வேண்டியதில்லை.

1650இல், இன்று போலந்திலுள்ள நைசா நகரில் இறந்தார். கதிரவனே சுற்றுகிறது, பூமி அசையாது என்று வாதிடும் அவரது நூல் மறு ஆண்டு அச்சில் வந்தது.