வாய்தாவைக் கண்டு வருந்திய மாயூரம் முன்சீப்

சிலருக்கு உத்தியோகமே பெயராகிவிடும். “மாயூரம் முன்சீப்” என்றால் போதும், அது வேதநாயகம் பிள்ளைதான்.

தமிழில் முதல் நாவலை எழுதியவர் அவர். இது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் கோர்ட்டில் அவர் என்ன செய்தார் என்பது பலருக்குத் தெரியாது. அந்தக் கதையும் சுவையானதுதான்.

கட்டுக் காகிதங்களின் நடுவே

திருச்சிக்குப் பக்கத்தில் குளத்தூர் என்று ஒரு ஊர். அங்கே 1826-ம் ஆண்டு அக்டோபர் 11-ந் தேதி வேதநாயகம் பிறந்தார். தகப்பனார் பெயர் சவரிமுத்துப் பிள்ளை.

தமிழும் இங்கிலீஷும் நன்றாகப் படித்தார். திருச்சி கோர்ட்டில் வேலை கிடைத்தது. முதலில் தஸ்தாவேஜுகளைப் பாதுகாக்கும் வேலை. பிறகு மொழிபெயர்ப்பு வேலை.

ஊர்ச் சண்டைகள் எல்லாம் காகிதமாக மாறி அவர் மேஜைக்கு வந்தன. வரப்புத் தகராறு, கடன் பத்திரம், அண்ணன் தம்பி பாகப் பிரிவினை. இவற்றில் தூக்கு கிடையாது. ஆனால் தோற்றவன் குடும்பம் தெருவில் நிற்கும்.

1857-ல் தரங்கம்பாடிக்கு முன்சீப் ஆனார். சிவில் வழக்கை முதலில் விசாரிக்கிற நீதிபதிதான் முன்சீப். பிறகு சீர்காழி, அதன் பிறகு மாயூரம்.

காத்திருந்தால் யாருக்கு லாபம்?

அந்த நாளில் கோர்ட்டுக்குப் போவது லேசான காரியமா? கட்டுச்சோறு கட்டிக்கொள்ள வேண்டும். வண்டியிலோ நடந்தோ போக வேண்டும். போனால் வாய்தா என்பார்கள். திரும்பி வர வேண்டியதுதான்.

வழக்கு நீண்டால் பணக்காரனுக்கு நஷ்டமில்லை. நிலம் அவன் கையில் இருக்கும். விளைச்சலும் அவன் களஞ்சியத்துக்கே போகும். ஏழையோ கோர்ட்டுச் செலவுக்காக மறுபடியும் கடன் வாங்குவான்.

ஏழைக்குச் சட்டம் அன்றும் ஒரு வழி வைத்திருந்தது. கோர்ட்டுக் கட்டணம் கட்ட முடியாதவர் “பாப்பர்” என்று மனுப் போடலாம். அதாவது, பரம ஏழை. ஆனால், தாம் ஏழை என்பதை நிரூபிப்பதற்கே தனி விசாரணை நடக்கும்! அசல் வழக்கு அதற்குப் பிறகுதான். இந்த வேடிக்கையை என்னவென்பது!

இங்கிலீஷ் பூட்டு

இன்னொரு தொல்லையும் இருந்தது. மேல்கோர்ட்டுத் தீர்ப்புகள் இங்கிலீஷில் இருந்தன. இதே போன்ற வழக்கில் முன்னே என்ன தீர்ப்பு ஆயிற்று என்று தெரிந்தால், பலர் வீண் வழக்கே போடமாட்டார்கள். தெரியாததால் போட்டார்கள், தோற்றார்கள், அப்பீலும் செய்தார்கள்.

வேதநாயகம் பிள்ளை பேனாவை எடுத்தார். 1805 முதல் 1861 வரை சென்னை சதர் கோர்ட்டு செய்த தீர்ப்புகளின் சாரத்தைத் தமிழில் எழுதினார். “சித்தாந்த சங்கிரகம்” என்று பெயர் வைத்து 1862-ல் புத்தகமாக வெளியிட்டார். சென்னையில் ஐகோர்ட்டு ஏற்பட்டதும் அதே 1862-ல்தான்.

56 வருடத் தீர்ப்புகள்! பகலில் வழக்கு விசாரிக்கும் ஒருவர் செய்த வேலை இது. நாவலைவிட இதைத்தான் பெரிய காரியம் என்று சொல்லத் தோன்றுகிறது.

லஞ்சம் என்றால் அவருக்கு ஆகாது. நீதி நூல் என்று ஒரு செய்யுள் நூல் எழுதினார். கைக்கூலி வாங்கும் அதிகாரிகளை அதில் வெளுத்து வாங்கியிருக்கிறார்.

1879-ல் பிரதாப முதலியார் சரித்திரம் வெளியாயிற்று. அதிலும் கோர்ட்டு வருகிறது. கதாநாயகி ஞானாம்பாள் ஆண் வேடத்தில் விக்கிரமபுரியை ஆளுகிறாள். தமிழ்நாட்டுக் கோர்ட்டில் தமிழ் வக்கீல்கள் இங்கிலீஷில் வாதாடுவது கதையில் கண்டிக்கப்படுகிறது. கட்சிக்காரனுக்குத் தன் வழக்கு என்ன ஆயிற்று என்று புரிய வேண்டாமா?

அதற்குப் பல காலம் ஆயிற்று. கீழ்க்கோர்ட்டுகளில் தமிழுக்கு இடம் தரும் சட்டம் 1970-களில்தான் வந்தது.

பூந்தமல்லியில் இன்று

ஏழைக்குச் சர்க்கார் செலவில் வக்கீல் என்ற ஏற்பாடும் மெள்ளத்தான் வந்தது. 1976-ல் அரசியல் சட்டத்தில் இலவசச் சட்ட உதவி சேர்ந்தது. 1987-ல் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் பிறந்தது. அது அமலுக்கு வந்ததோ 1995 நவம்பர் 9-ந் தேதி! சட்டமே எட்டு வருடம் காத்திருந்தது.

இப்போது பூந்தமல்லியில் தாலுகா சட்டப் பணிகள் குழு உண்டு. ஆவடியில் இருக்கும் ஒரு பெண் ஜீவனாம்சம் கேட்க வேண்டுமா? வருமானம் எவ்வளவு என்று பாராமல் அவருக்கு இலவச வக்கீல் உண்டு. அம்பத்தூர் தொழிற்பேட்டைத் தொழிலாளிக்கும் அப்படியே. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், குழந்தைகள், மாற்றுத் திறனாளிகளுக்கும் உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் விவரம் கேட்கலாம்.

மக்கள் நீதிமன்றத்தில் இரு தரப்பும் சமாதானமானால் வழக்கு அன்றே முடியும். கட்டிய கோர்ட்டுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். அதன்மேல் அப்பீல் இல்லை. சமாதானம் ஆகாத வழக்குகளுக்கோ பழைய வாய்தாதான்.

பஞ்சத்தில் கஞ்சி ஊற்றியவர்

முன்சீப் வேலையை விட்ட பிறகும் பிள்ளை மாயூரத்திலேயே தங்கினார். நகரசபைத் தலைவராகவும் இருந்தார். பெண்கள் படிக்கவேண்டும் என்று ஓயாமல் எழுதினார்.

1876-ல் தாது வருஷப் பஞ்சம் வந்தது. ஜனங்கள் சோறின்றி மடிந்தார்கள். பிள்ளை தம் சொத்தை வாரி இறைத்துக் கஞ்சித் தொட்டிகள் வைத்தார். நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அதைக் கண்டு உருகி, அவர் மேல் ஒரு பாட்டே பாடினார். பிள்ளை கிறிஸ்தவர், பாரதியார் சிவ பக்தர். பசித்தவன் வயிற்றுக்கு அந்த வித்தியாசம் ஏது?

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருக்கு உயிர் நண்பர். குளத்தூர்க்காரரான நண்பர் பேரில் “குளத்துக் கோவை” என்று ஒரு நூலே செய்தார்.

1889-ம் ஆண்டு ஜூலை 21-ந் தேதி வேதநாயகம் பிள்ளை காலமானார். அப்போது அவருக்கு வயது 62. உத்தியோகத்தை விட்டுப் பல வருடம் ஆகியிருந்தும், ஜனங்கள் அவரை முன்சீப் என்றே சொல்லி வந்தார்கள்.