உயிருள்ள மாந்தரைப் படைத்தவர்

கதையைப் படித்து முடித்த பின்னும் அதில் வரும் மாந்தர் சிலர் நம் நெஞ்சை விட்டு நீங்குவதில்லை. அவர்களை எங்கோ நேரில் கண்டது போலவே தோன்றும். அத்தகைய மாந்தரைத் தமிழ்ச் சிறுகதையில் உலவவிட்டவர் புதுமைப்பித்தன்.

அவருடைய இயற்பெயர் சொ. விருத்தாசலம். அவர் 1906ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் கடலூரை அடுத்த திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். எட்டு வயதில் தாயை இழந்தார். தந்தை வருவாய்த்துறை அலுவலர். குடும்பம் சொந்த ஊரான திருநெல்வேலிக்குத் திரும்பியதால், தாமிரபரணிக் கரை மக்களின் பேச்சும் வழக்கமும் அவர் மனத்தில் ஆழப் பதிந்தன. அங்குள்ள இந்துக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார்.

தந்தையைப் போல அரசுப் பணியை நாடாமல், எழுத்தையே தொழிலாகக் கொண்டு சென்னைக்குச் சென்றார். மணிக்கொடி இதழில் கதைகள் எழுதினார். தினமணி, தினசரி ஆகிய நாளிதழ்களில் பணியாற்றினார். வருவாய் குறைவு, வறுமை உடனிருந்தது. ஆயினும், சுற்றியிருந்த மனிதரைக் கூர்ந்து நோக்குவதை அவர் கைவிடவில்லை. கடைக் கணக்கர், துணிக்கடைப் பணியாளர், கடன் கேட்கத் தயங்கும் எழுத்தாளர் எனப் பலரும் அவர் கதைகளில் இடம்பெற்றனர்.

அவர் படைத்த மாந்தர் முழுக்க நல்லவரும் அல்லர்; முழுக்கத் தீயவரும் அல்லர். 'மனித யந்திரம்' கதையில் வரும் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, பல ஆண்டுகள் நேர்மையாகக் கணக்கெழுதியவர். ஓர் இரவு கடைப்பணத்தை எடுத்துக்கொண்டு கொழும்புக்கு ஓடிவிட எண்ணித் தொடர்வண்டி ஏறுகிறார். ஆனால், ஊறிப்போன பழக்கம் அவரைத் திருப்பி அழைத்துவந்து பணத்தை மீண்டும் பெட்டியில் வைக்கச் செய்கிறது. ஆசையும் அச்சமும் ஒரே நெஞ்சில் போராடுவதால்தான் நாம் அவரை நம்புகிறோம்.

'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் கடவுளே சென்னைத் தெருவில் தோன்றுகிறார். மருத்துவ இதழ் நடத்தும் பிள்ளையோ அவரிடம் வரம் கேட்காமல், இதழுக்குச் சந்தா சேர்க்க முயல்கிறார். நடக்க இயலாத நிகழ்ச்சிதான். எனினும், எவர் எதிரில் நின்றாலும் தம் இயல்பு மாறாத பிள்ளையால் அது நடந்ததாகவே தோன்றுகிறது.

'செல்லம்மாள்' கதையில் பிழைப்புக்காகச் சென்னைக்கு வந்த பிரமநாயகம் பிள்ளை, நோயுற்ற மனைவிக்குப் பணிவிடை செய்கிறார். அவர் தம் அன்பைச் சொற்களால் விளக்குவதில்லை. அவருடைய செயல்களே அதனை உணர்த்துகின்றன. சொந்த ஊரை விட்டுத் தொலைவில் வாழ்வோரின் தனிமையையும் அக்கதை காட்டுகிறது.

பிற்காலத்தில் திரைப்படத் துறையிலும் அவர் முயன்றார். 'ராஜமுக்தி' படத்துக்கு உரையாடல் எழுத நம் மும்பைக்கு அருகிலுள்ள புனே நகருக்கு வந்தார். அங்கே காசநோய் முற்றியது. 1948ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் திருவனந்தபுரத்தில் காலமானார். அப்போது அவருக்கு வயது 42. அவர் விட்டுச்சென்ற செல்வம் ஏறத்தாழ நூறு கதைகள். 2002ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசு அவருடைய படைப்புகளை நாட்டுடைமை ஆக்கியது.

மாணவர்களே, கதைமாந்தரைத் தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. தாராவியின் தெருக்களிலும், மாதுங்காவின் கடைகளிலும், செம்பூரின் குடியிருப்புகளிலும் அவர்கள் வாழ்கின்றனர். அவர்கள் எதை விரும்புகின்றனர், எதற்கு அஞ்சுகின்றனர், எவ்வாறு பேசுகின்றனர் என்று கூர்ந்து நோக்குங்கள். உங்கள் கதையிலும் உயிர் பிறக்கும்.

சொல்லும் பொருளும்
மாந்தர் – மனிதர்
இயல்பு – தன்மை
பணிவிடை – தொண்டு

சிந்தித்து எழுதுக
1. மீனாட்சிசுந்தரம் பிள்ளை பணத்தைத் திருப்பி வைத்தது ஏன்?
2. பிரமநாயகம் பிள்ளையின் அன்பை நாம் எவ்வாறு அறிகிறோம்?
3. நீங்கள் நாள்தோறும் காணும் ஒருவரை, பெயரை மாற்றிக் கதைமாந்தராக்கிப் பத்து வரிகள் எழுதுக. அவருடைய ஓர் ஆசையையும் ஓர் அச்சத்தையும் செயலால் காட்டுக.