ராஜாஜியும் எங்க தாத்தாவும்

எங்க வீட்டில் யாருக்கும் பிடிக்காத ஒரு தலைவரைப் பற்றி இந்த மாதம் எழுதுகிறேன். அவர்தான் ராஜாஜி.

பிடிக்காததற்குக் காரணம் இருக்கு. எங்க தாத்தா இரண்டாம் வகுப்பு படித்த 1953-ல், முதலமைச்சர் ராஜாஜி புதிய கல்வித் திட்டம் கொண்டுவந்தார். கிராமப் பள்ளிகளில் தினமும் மூன்று மணி நேரம்தான் பாடம். மீதி நேரம் பெற்றோரின் தொழிலைப் பழகணும். எதிர்த்தவர்கள் அதைக் குலக்கல்வி என்றார்கள். தாத்தா கொல்லுப்பட்டறையில் துருத்தி ஊதப் போனார். 1954-ல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார். ஆனா, பட்டறையில் பழகின பிள்ளையை முழு நேரமும் பள்ளிக்கு அனுப்பத் தாத்தாவோட அப்பாவுக்கு மனசு வரலை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்னுபோச்சு.

கோடை விடுமுறையில் ராஜ்மோகன் காந்தி எழுதிய ராஜாஜி வரலாற்றைப் படிச்சேன். அவர் ராஜாஜியின் மகள் வயிற்றுப் பேரன். அதனால் கொஞ்சம் சந்தேகத்தோடதான் படிச்சேன். பிறகு காமராஜர், பெரியார் வரலாறுகளையும் படிச்சேன்.

ராஜாஜி 1878-ல் ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்தவர். சேலத்தில் வக்கீல். 1930-ல் திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை தொண்டர்களோடு நடந்துபோய் உப்பெடுத்துச் சிறை சென்றார். 1937-ல் சென்னை மாகாணத்தின் பிரதமரானதும் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தார். 1939-ல் கோயில் நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தார். ஆனா 1938-ல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவரும் அவர்தான். அந்தப் போராட்டத்தில் சிறைப்பட்ட நடராசனும் தாளமுத்துவும் 1939-ல் இறந்தார்கள். அதே ராஜாஜி 1965-ல் இந்தித் திணிப்பை எதிர்த்து நின்றார்!

கல்வித் திட்டத்துக்கும் அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. பள்ளி போகாத பிள்ளைகள் ஏராளம். கட்டடம் கட்டப் பணம் இல்லை. இரண்டு வேளையாகப் பிரித்தால் அதே ஆசிரியர், அதே கட்டடத்தில் இரண்டு மடங்கு பிள்ளைகள் படிக்கலாம் என்று நினைத்தார். கணக்கு சரிதான். ஆனா, மீதி நேரத்தில் கொல்லர் பிள்ளை பட்டறைக்குத்தான் போகும் என்பதை அவர் தப்பாக நினைக்கவில்லை. என் கருத்தில் தவறு அங்கேதான்.

1971-ல் மதுவிலக்கை நீக்க வேண்டாம் என்று கேட்க, 92 வயதில் கொட்டும் மழையில் முதலமைச்சர் கருணாநிதியின் வீட்டுக்கே போனார். 1972 டிசம்பர் 25-ல் காலமானார்.

இதையெல்லாம் தாத்தாகிட்ட படிச்சுக் காட்டினேன். மழையில் போன கதையை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். நல்லதை எழுது, ஆனா என் படிப்பு நின்னதையும் விடாம எழுது என்றார். அதனால் இரண்டையும் எழுதியிருக்கேன். பிடிக்காத ஒருவரின் வரலாற்றை நீங்களும் ஒருமுறை படிச்சுப் பாருங்க.

— பத்தாம் வகுப்பு மாணவி, அரிமளம்