கேமராவை நடக்க வைத்தவர்



எங்கள் குறிஞ்சிப்பாடி ரயில் நிலையத்துக்கு வந்திருக்கிறீர்களா? கடலூருக்கும் விருத்தாசலத்துக்கும் இடையே, வடலூருக்குப் பக்கத்தில் இருக்கும் நெசவாளர் ஊர் இது. நடைமேடையில் நின்றுகொண்டு, வருகிற ரயிலைப் பாருங்கள். கால் நகராது, தலை மட்டும் ரயிலோடு திரும்பும். சினிமா கேமராவும் இப்படி நின்ற இடத்திலேயே திரும்பிப் படம் பிடித்தால், அதற்குப் 'பேன்' என்று பெயர்.

இப்போது அதே ரயிலில் ஏறி, ஜன்னல் ஓரம் உட்காருங்கள். பக்கத்தில் இருக்கும் முந்திரி மரங்கள் பறந்தோடும். தூரத்தில் தெரியும் நெய்வேலி அனல்மின் நிலையப் புகைபோக்கியோ மெல்லத்தான் நகரும். இந்த வேறுபாடுதான், நாம் போய்க்கொண்டிருக்கிறோம் என்பதை நம் கண்ணுக்குச் சொல்கிறது. கேமராவைச் சக்கர வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டே படம் எடுத்தாலும் இதே உணர்வு கிடைக்கும். அந்த வண்டிதான் 'டிராலி'. வடலூர் தைப்பூசத் திருவிழாவில் ராட்டினம் ஏறியிருப்பீர்கள். மேலே போகப் போக, கூட்டம் முழுவதும் கீழே விரியும் அல்லவா? அப்படிக் கேமராவை உயரே தூக்கிச் செல்லும் கருவி 'கிரேன்'.

கேமராவை நகர்த்தும் வித்தை மிகப் பழையது. 1896-லேயே பிரான்ஸ் நாட்டு லூமியேர் நிறுவனத்தின் படப்பிடிப்பாளர் ப்ரோமியோ, வெனிஸ் நகரக் கால்வாயில் ஒரு படகில் கேமராவை வைத்து, கரையில் இருந்த மாளிகைகளைப் படம் பிடித்தார். ஆனால், 1931-ல் தமிழில் பேசும் படம் வந்தபோது கேமரா பெரும்பாலும் ஆணி அடித்தாற்போல் ஒரே இடத்தில்தான் நின்றது. காரணம் என்ன தெரியுமா? அன்றைய நடிகர்களில் பலர் நாடக மேடையிலிருந்து வந்தவர்கள். மேடையில் நிற்பதுபோலவே நேரே பார்த்துப் பாடினார்கள், பேசினார்கள். கேமராவும் முதல் வரிசையில் உட்கார்ந்த ரசிகர்போல அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தது. கேமரா ஓடும் சத்தம் ஒலிவாங்கியில் விழக்கூடாது என்பதால், அதைக் கனமான உறை போட்டு மூட வேண்டியும் இருந்தது. கனத்த கேமராவை நகர்த்துவது சுலபமா?

இந்த நிலையை மாற்றப் பாடுபட்டவர்களில் முக்கியமான ஒருவருக்குத் தமிழே தெரியாது என்றால் நம்புவீர்களா? அவர்தான் எல்லிஸ் ஆர். டங்கன்.

டங்கன் 1909-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், பார்ட்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் திரைப்படக் கலை பயின்றார். அங்கே அவருடன் படித்த இந்திய மாணவர் மாணிக் லால் டாண்டன். அவர் அழைத்ததால், மைக்கேல் ஒமலேவ் என்ற இன்னொரு நண்பருடன் 1935-ல் டங்கன் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். சில மாதங்கள் இருந்துவிட்டுத் திரும்பலாம் என்பதுதான் எண்ணம். ஆனால், தங்கியதோ சுமார் பதினைந்து ஆண்டுகள்!

டாண்டனின் பரிந்துரையால் 'சதி லீலாவதி' என்ற படத்தை இயக்கும் வாய்ப்பு டங்கனுக்குக் கிடைத்தது. எஸ்.எஸ்.வாசன் எழுதிய கதை அது. அப்போது டங்கனுக்கு வயது இருபத்தாறுதான். ஊர் புதிது, உணவு புதிது, மொழியோ முற்றிலும் புதிது. ஒரு வசனம் தவறினாலும் அவருக்குத் தெரியாதே! படம் தோற்றால், ஊர் திரும்ப வேண்டியதுதான்.

டங்கன் கலங்கவில்லை. வசனத்தின் பொருளை உதவியாளர்கள் ஆங்கிலத்தில் சொல்வார்கள், அதைக் கேட்டுக்கொள்வார். பிறகு தம் கண்ணை நம்புவார். நடிகரின் முகத்தில் துயரம் தெரிகிறதா? அப்படியானால் கேமரா அந்த முகத்துக்கு அருகில் போகட்டும். சபை முழுவதும் தெரிய வேண்டுமா? கேமரா விலகி வரட்டும். மொழி தெரியாத குறையே அவருக்குக் காட்சியை உற்றுப் பார்க்கும் பழக்கத்தைத் தந்தது எனலாம்.

'சதி லீலாவதி' 1936-ல் வெளிவந்தது. அதில் காவல் ஆய்வாளராக ஒரு சிறு வேடத்தில் அறிமுகமான இளைஞர் யார் தெரியுமா? பின்னாளில் தமிழக முதலமைச்சரான எம்.ஜி.ஆர்! டி.எஸ்.பாலையாவுக்கும்கூட அதுதான் முதல் படம்.

1937-ல் எம்.கே.தியாகராஜ பாகவதர் நடித்த 'அம்பிகாபதி' பெரும் வெற்றி பெற்றது. 1940-ல் எம்.எஸ்.சுப்புலட்சுமி நடித்த 'சகுந்தலை'யை இயக்கினார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரசுக்காகச் செய்திப் படங்களும் எடுத்தார்.

1945-ல் வந்த 'மீரா'வுக்காக அவர் பட்ட சிரமத்தைக் கேளுங்கள். எம்.எஸ். அவர்களின் முகத்தைப் போலவே ஒரு சுண்ணச் சிலை செய்ய வைத்தார். ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியுடன் சேர்ந்து, அந்தச் சிலை மீது விளக்கொளியைப் பலவிதமாகப் பாய்ச்சிப் பார்த்தார். எந்தக் கோணத்தில், எந்த ஒளியில் அந்த முகம் பொலிகிறது என்று ஆராய்ந்த பிறகே படப்பிடிப்புக்குப் போனார். படத்தின் இந்தி வடிவம் 1947-ல் வெளிவந்து, எம்.எஸ். அவர்களின் புகழை வட இந்தியாவெங்கும் கொண்டு சென்றது.

1950-ல் வெளிவந்த 'மந்திரி குமாரி'தான் டங்கனின் கடைசித் தமிழ்ப் படம். வேலை முடியும் முன்பே அவர் அமெரிக்கா திரும்ப நேர்ந்ததால், மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம் மீதியை முடித்தார். அதன் கதாநாயகன், முதல் படத்தில் சிறு வேடம் ஏற்ற அதே எம்.ஜி.ஆர்!

அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் வாழ்ந்த டங்கன், அங்கே ஆவணப் படங்கள் எடுத்து வந்தார். 1990-களில் முதிய வயதில் சென்னை வந்தபோது, திரையுலகினர் அவரைப் பாராட்டி மகிழ்ந்தனர். 2001-ல், தொண்ணூற்றிரண்டாம் வயதில் காலமானார்.

குழந்தைகளே, நீங்களும் ஒரு பயிற்சி செய்து பாருங்கள். ஓர் அட்டையில் தீப்பெட்டி அளவுக்குச் செவ்வகத் துளை வெட்டுங்கள். அதுதான் உங்கள் கேமரா! அதன் வழியே அம்மா பூக் கட்டுவதைப் பாருங்கள். முதலில் நின்ற இடத்தில் இருந்து பாருங்கள். பிறகு மெல்ல நடந்து அருகே சென்று, விரல்களை மட்டும் பாருங்கள். தூரத்தில் தெரியாத ஏதோ ஒன்று இப்போது தெரியும்.

அந்த ஒன்றைத் தேடித்தான் டங்கன் கேமராவை நகர்த்தினார். தெரியாத மொழி அவருக்குத் தடையாகவில்லை. உங்களுக்கும் ஒரு பாடம் புரியவில்லை என்றால், தூர நின்று பயப்படாதீர்கள். ஓர் அடி அருகே போய்ப் பாருங்கள்!