வரைபட மொழியைத் தந்த வரைவாளர்

சுங்கை காடுட் தொழிற்பேட்டையில் இயந்திரப் பாகம் செய்யும் வேலைக்குச் சேர விரும்பும் இளைஞருக்கு வரைபடம் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஒரே பொருளை முன்தோற்றம், மேல்தோற்றம், பக்கத்தோற்றம் எனப் பிரித்துக் காட்டும் முறைக்குக் கணித அடிப்படை அமைத்தவர் காஸ்பார் மோன்ஜ்.

1746 மே 9-இல் பிரான்சின் போன் என்னும் ஊரில் ஒரு சிறு வணிகரின் மகனாகப் பிறந்தார். 18 வயதில் தம் ஊரையே அளந்து வரைபடமாக்கினார். அத்திறமை மெசியேர் நகரின் இராணுவப் பொறியியல் பள்ளிக்கு அவரைக் கொண்டு சென்றது. ஆனால், அங்கு அதிகாரிப் பயிற்சி உயர்குடிப் பிள்ளைகளுக்கே உரியது. மோன்ஜுக்கு வரைவாளர் வேலைதான் கிடைத்தது.

ஒருமுறை, எதிரியின் பார்வைக்கும் குண்டுக்கும் படாத கோட்டை அமைப்பைக் கணிக்கும் பணி அவரிடம் வந்தது. நீண்ட எண் கணக்குப் போட்டுச் செய்ய வேண்டிய வேலை அது. மோன்ஜ் கோடுகளாலேயே விடை கண்டார். இவ்வளவு விரைவில் முடித்திருக்க முடியாது என்று மேலதிகாரி முதலில் பார்க்கவே மறுத்தார். சோதித்தபோது விடை சரியாக இருந்தது. அந்த முறை பல ஆண்டுகள் இராணுவ இரகசியமாகக் காக்கப்பட்டது.

முறை எளியது. ஒரு தரை, அதற்குச் செங்குத்தாக ஒரு சுவர். இரண்டிலும் பொருளின் நிழல் நேராக விழுவதாக எண்ணுங்கள். சுவரைப் பின்புறம் சாய்த்துத் தரையோடு படுக்க வைத்தால், இரு தோற்றங்களும் ஒரே தாளில் மேலும் கீழுமாக அமையும். இன்றைய வரைபடத்தில் ஒரு துளை ஒரு தோற்றத்தில் வட்டமாகவும், மற்றதில் இரண்டு விட்டுவிட்ட கோடுகளாகவும் தெரிவது இதனால்தான். வட்டத்தை மட்டும் பார்ப்பவருக்குத் துளையின் ஆழம் தெரியாது.

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின், 1795-இல் மோன்ஜ் இதை எல்லாரும் அறியக் கற்பித்தார். நாட்டின் தொழில் வளரக் கைவினைஞரும் இதைக் கற்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

அவர் நெப்போலியனின் நண்பர். நெப்போலியன் வீழ்ந்ததும் பதவிகளை இழந்தார். 1818 ஜூலை 28-இல் காலமானார். இறுதிச் சடங்குக்குச் செல்ல மாணவர்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. அவர்களோ மறுநாள் கல்லறைக்கே சென்று மரியாதை செலுத்தினர்.

மாணவர்களே, பிறப்பைக் காட்டி ஒதுக்கப்பட்ட அந்த வரைவாளரின் முறையே இன்று பட்டறைகளின் பொதுமொழி. ஒரு வரைபடத்தை எடுத்து, அதிலுள்ள பொருளைச் சவர்க்காரக் கட்டியில் செதுக்கிப் பாருங்கள். எல்லாத் தோற்றங்களோடும் அது பொருந்தினால், வரைபடம் படிக்கத் தொடங்கிவிட்டீர்கள்.