பயிற்றுவிப்பாளர் போன பின்னர் எஞ்சுவது என்ன?

கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையிலான கரையோர ஊர்களில் உதைபந்தாட்டம் பேசப்படாத மாலைப்பொழுது அரிது. இங்கிலாந்துக் கழகமொன்றின் பயிற்றுவிப்பாளர் வேறொரு கழகத்துக்குப் போகக்கூடும் என்றொரு செய்தி கசிந்தால் போதும். காரைதீவிலும் சாய்ந்தமருதிலும் இளைஞர்கள் இரு அணிகளாகப் பிரிந்து வாதிடத் தொடங்கிவிடுவர். அவர் போய்விட்டால் கழகம் அழிந்துவிடும் என்பர் ஒரு சாரார். ஆள் போனால் இன்னோர் ஆள் வருவான் என்பர் மறு சாரார்.

இரு சாராருக்கும் சான்று உண்டு. அலெக்ஸ் பெர்குசன் ஓய்வு பெறப்போவதாக அறிவித்து, 2002 இல் அம்முடிவை மாற்றி, 2013 இல்தான் உண்மையாகவே விலகினார். அதற்குப் பின்வந்த பத்து ஆண்டுகளில் மன்செஸ்டர் யுனைட்டட் ஒருமுறையேனும் லீக் பட்டத்தை வெல்லவில்லை. மாறாக, யேர்கன் கிளாப் 2024 இல் லிவர்பூலை விட்டு விலக, அடுத்த பருவத்திலேயே அக்கழகம் லீக் பட்டத்தைக் கைப்பற்றியது. ஆகவே, பயிற்றுவிப்பாளர் போவாரா, இருப்பாரா என்பதைவிட, அவர் போனபின் எது எஞ்சும் என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வியாகும். இக்கேள்விக்கு நமது பிராந்தியத்திலிருந்தே விடை தரும் வாழ்வொன்று உண்டு. அது செய்யது அப்துல் றஹீமின் வாழ்வு.

றஹீம் 1909 ஆம் ஆண்டு ஐதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியாப் பல்கலைக்கழக அணியில் விளையாடிய அவர், தொழிலால் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். பின்னர் உடற்கல்வியில் பயிற்சி பெற்றார். 1943 ஆம் ஆண்டு முதல் ஐதராபாத் உதைபந்தாட்டச் சங்கத்தின் செயலாளராகவும், 1950 ஆம் ஆண்டு முதல் ஐதராபாத் நகரப் பொலிஸ் அணியின் பயிற்றுவிப்பாளராகவும் கடமையாற்றினார். இவ்விரு பொறுப்புகளையும் தமது மரணம் வரை அவர் கைவிடவில்லை.

அக்காலத்தில் இந்திய உதைபந்தாட்டத்தின் தலைநகர் கல்கத்தா. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகம்மதன் ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்று பெருங்கழகங்களும், பெருந்திரளான இரசிகர் கூட்டமும் அங்கேயே இருந்தன. ஐதராபாத்தோ 1948 இல் நிசாமின் ஆட்சி முடிவுற்று இந்தியாவுடன் இணைக்கப்பட்டு, கொந்தளிப்பிலிருந்து மீளத் தொடங்கியிருந்த நகரம். அந்நகரின் பொலிஸ்காரர்களைக் கொண்டு பம்பாயில் நடைபெற்ற றோவர்ஸ் கிண்ணத்தை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்று காட்டினார் றஹீம்.

அவரது வெற்றியின் இரகசியம் ஓர் ஆசிரியரின் பொறுமையே எனலாம். பந்தைக் காலில் வைத்துக்கொண்டு வித்தை காட்டுவதே திறமை எனக் கருதப்பட்ட நாளில், பந்தை நீண்ட நேரம் வைத்திருக்கவே கூடாது என்ற விதியுடன் இளைஞருக்குப் போட்டிகள் நடத்தினார். பலம் குறைந்த காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்ற நிபந்தனையுடனும் போட்டிகள் நடந்தன. பார்ப்போருக்கு விளையாட்டாகத் தோன்றிய இவ்விதிகள் விரைவாகப் பந்து பரிமாறுவதையும், இரு கால்களையும் சமமாகப் பயன்படுத்துவதையும் சிறுவர்களுக்குப் பழக்கின. நான்கு பின்கள வீரர், இரண்டு நடுக்கள வீரர், நான்கு முன்கள வீரர் என்ற அணியமைப்பை இந்தியாவில் வேரூன்றச் செய்தவரும் அவரே.

தேசிய அணியின் பொறுப்பும் அவரிடமே வந்தது. 1951 இல் புதுடில்லியில் நடைபெற்ற முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதியாட்டத்தில் ஈரானை 1 - 0 என வென்று இந்தியா தங்கம் பெற்றது. மறு ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10 - 1 எனப் படுதோல்வி கண்டது. குளிர்ந்த மண்ணில் வீரர் பலர் வெறுங்காலுடன் ஆடியமை அத்தோல்விக்கு ஒரு காரணமாயிற்று. அதன் பின்னரே காலணி கட்டாயமாக்கப்பட்டது. அந்த அவமானத்துடன் றஹீமின் கதை முடிந்திருக்கலாம். ஆனால் நான்கே ஆண்டுகளில் அவர் அணியைப் புதிதாகக் கட்டியெழுப்பினார். 1956 இல் மெல்பேர்னில், போட்டியை நடத்திய அவுஸ்திரேலியாவை 4 - 2 எனத் தோற்கடித்து, ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் அரையிறுதி கண்ட முதல் ஆசிய நாடாக இந்தியா திகழ்ந்தது. நெவில் டி சூசா அன்று மூன்று கோல்களைப் போட்டார். அரையிறுதியிலும் வெண்கலத்துக்கான ஆட்டத்திலும் தோற்று நான்காமிடம் பெற்றபோதிலும், அந்த இடத்தை இந்தியா இன்றுவரை மீண்டும் எட்டியதில்லை.

இக்காலத்திலேதான் ஐதராபாத்தின் வீரர்கள் ஒவ்வொருவராகக் கல்கத்தாவுக்குப் புறப்படத் தொடங்கினர். துளசிதாஸ் பலராம் 1957 இல் ஈஸ்ட் பெங்கால் சென்றார். பீற்றர் தங்கராஜும் பின்னர் கல்கத்தாக் கழகங்களின் கோல்காப்பாளரானார். மாணவர்கள் போயினர், ஆசிரியர் இருந்த இடத்திலேயே இருந்து அடுத்த தலைமுறையைப் பயிற்றுவித்தார்.

1962 இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு அணியை அழைத்துச் சென்றபோது புற்றுநோய் அவரை அரித்துக்கொண்டிருந்தது. முதலாவது ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 2 - 0 எனத் தோல்வி. அதன்பின் தாய்லாந்து, ஜப்பான், தென்வியட்நாம் ஆகிய அணிகளை வென்று, இறுதியாட்டத்தில் அதே தென்கொரியாவை இந்தியா மீண்டும் சந்தித்தது. இஸ்ரேலும் தாய்வானும் விலக்கப்பட்டமையை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்திருந்தபடியால், நிறைந்திருந்த அரங்கமே இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டது. தலையில் காயத்துக்குத் தையல் போடப்பட்டிருந்த பின்கள வீரர் ஜர்னைல் சிங்கை முன்களத்துக்கு மாற்றியிருந்தார் றஹீம். அந்த ஜர்னைலும் பி.கே. பானர்ஜியும் ஆளுக்கொரு கோல் போட, 2 - 1 என இந்தியா தங்கம் வென்றது. சீக்கியரும் கிறிஸ்தவரும் முஸ்லிமும் இந்துவும் ஓரணியாய் நின்று, நோயாளியான தம் ஆசானுக்கு அளித்த காணிக்கை அது. 1963 ஜூன் 11 ஆம் திகதி, தமது 53 ஆவது வயதில் றஹீம் காலமானார்.

ஆசிய விளையாட்டு உதைபந்தாட்டத்தில் அதன்பின் இந்தியா பெற்றது 1970 இன் வெண்கலம் ஒன்றே. 1960 இற்குப் பின் ஒலிம்பிக் உதைபந்தாட்டத்துக்கு அது தகுதி பெறவேயில்லை. ஆந்திரப் பிரதேசம் 1965 இல் சந்தோஷ் கிண்ணத்தை வென்றது. அக்கிண்ணத்தில் அதுவே அம்மண்ணுக்குக் கிடைத்த இறுதி வெற்றியாயிற்று. றஹீமின் மாணவர் சிலர் பின்னாளில் சிறந்த பயிற்றுவிப்பாளர்களாயினர் என்பது உண்மை. ஆயினும் அவர் தனியொருவராய்ச் சுமந்த பணியை, ஆளில்லாதபோதும் இயங்கவல்ல அமைப்பாக எவரும் மாற்றவில்லை. அது அவருடைய குறையன்று. அவர் இருக்கும்வரை அனைத்தையும் அவரே பார்த்துக்கொள்வார் என்று வாளாவிருந்த நிர்வாகத்தின் குறையே அது.

இதற்கு நேர்மாறான உதாரணம் காரைதீவிலேயே உண்டு. 1892 இல் இங்கு பிறந்த சுவாமி விபுலாநந்தர் ஓரிடத்தில் நிலைத்தவர் அல்லர். 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராகச் சென்றார். 1933 இல் திரும்பினார். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் அழைக்க அங்கும் சென்றார். எனினும் 1929 இல் அவர் கல்லடியில் நிறுவிய சிவானந்த வித்தியாலயம் அவர் சென்றபோதும், 1947 இல் மறைந்த பின்னரும் தளராது நிற்கிறது. அவரது பணியை ஏற்று நடத்த ஓர் அமைப்பு இருந்தது.

நமது பிரதேசப் பாடசாலைகளில் நல்லதொரு விளையாட்டு ஆசிரியருக்கு இடமாற்றம் வந்தால் பெற்றோரும் பழைய மாணவரும் பதறுவதைக் காண்கிறோம். அப்பதற்றம் நியாயமானதே. ஆனால் இடமாற்றத்தைத் தடுக்க ஓடும் கால்கள், அவர் இருக்கும்போதே அவருக்கருகில் இரண்டு இளைஞரைப் பயில வைக்கவும் ஓடியிருக்க வேண்டும். பயிற்சி முறைகளை எழுதி வைக்கவும், மைதானத்தைப் பராமரிக்கவும், சிறுவர் போட்டிகளை ஆண்டுதோறும் நடத்தவும் தமிழர், முஸ்லிம்கள் என்ற பேதமின்றி நமது கழகங்கள் முன்வர வேண்டும். அழைப்பாலோ, இடமாற்றத்தாலோ, மரணத்தாலோ எந்த ஆசானும் ஒருநாள் போயே தீருவார். அந்த நாளுக்கான ஆயத்தத்தை அவர் நம்முடன் இருக்கும் நாளிலேயே செய்வதுதான் அவருக்கு நாம் செலுத்தக்கூடிய மெய்யான மரியாதையாகும்.