என்கெதுவன்னா: பெயர் பொறித்த முதற் புலவர்

உலக இலக்கியத்தின் தொடக்கத்தை ஆராய்வோர், ஆக்கியோர் பெயரறியாப் பாடல்களையே முதலிற் காண்பர். தம் பெயரைப் பாடலுட் பொறித்த புலவருள் மிகப் பழையவராக அறியப்படுபவர் என்கெதுவன்னா என்னும் பெண்மணியே.

இற்றைக்கு ஏறத்தாழ 4300 ஆண்டுகளுக்கு முன், இன்றைய ஈராக்கின் தென்பகுதியில் 'ஊர்' என்னும் சுமேரிய நகர் சிறந்து விளங்கிற்று. சுமேரிய நகரங்களை வென்று பேரரசமைத்த அக்காத்து மன்னன் சார்கோன், தன் மகளாகிய இவரை அந்நகரத்துத் திங்கட்கடவுள் நன்னாவின் தலைமைப் பூசகியாக அமர்த்தினான். வாளால் வென்ற நாட்டை வழிபாட்டாற் பிணிப்பது அவன் கருத்துப்போலும்.

சார்கோனின் பேரன் நராம்சின் காலத்திலே கலகம் மூண்டது. லுகலானே என்பான் தம்மைக் கோயிலினின்று துரத்தியதையும், தாம் இனன்னா என்னும் பெண்தெய்வத்திடம் முறையிட்டு மீட்சி பெற்றதையும் இவர் பெயரால் வழங்கும் பாடலொன்று உரைக்கின்றது. நள்ளிரவிலே தாம் ஈன்றெடுத்த மகவாகவே அப்பாடலை இவர் கருதுகின்றார். சுமேரியக் கோயில்கள்மீது அமைந்த 42 பாடல்களின் தொகுப்பும் இவருடையதாகச் சொல்லப்படும்.

கிடைத்துள்ள பிரதிகளுட் பெரும்பாலன சில நூற்றாண்டுகள் பிற்பட்டவை. ஆதலின், பிறர் பாடி இவர் பெயரை ஏற்றினரோ என ஐயுறும் அறிஞரும் உளர். ஆயினும் இவர் வாழ்ந்தமை உறுதி. லெனாட் வூலி 1927இல் அந்நகர அகழ்விற் கண்டெடுத்த உடைந்த கல்வட்டிலே இவர் உருவமும் பெயரும் உள.

பாடலைக் காத்தவர் மன்னரல்லர். களிமண் பலகையிலே அதனை எழுதிப் பழகிய பள்ளி மாணாக்கர். பேரரசு அழிந்தது, அவர்தம் கையெழுத்து நிலைத்தது.